ஸ்டவுட்டில் எங்கே தப்பு? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடும் வழி

வெளிர்நிற லாகர் பியரில் சின்னக் குறை இருந்தாலும் உடனே தெரிந்துவிடும். வறுத்த தானியத்தில் செய்யும் கறுப்பு பியரான ஸ்டவுட்டில் அப்படி இல்லை. வறுத்த பார்லியின் காபி வாசமும் கசப்பும் சபையில் உரக்கப் பேசுகிறவர் மாதிரி. பக்கத்தில் மெதுவாகப் பேசுவது எதுவும் காதில் விழாது. பழசாகிப்போன பியரின் அட்டை வாசமும், ஈஸ்ட் வேலையை முடிக்காமல் விட்டுப்போன வெண்ணெய் வாசமும் அதற்கடியில் அமுங்கிக் கிடக்கும். அதனால்தான் ஸ்டவுட்டை மதிப்பிடும்போது இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். சிலர் வறுவலின் இயல்பான கடுமையைக் குறை என்று எடுத்துக்கொண்டு நல்ல பியரை ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் உண்மையான குறையை 'ஸ்டவுட் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் இரண்டாவதுதான் அதிகம்.

எந்த அறிகுறி தெரிந்தாலும் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: முதலில் கிளாஸ், அப்புறம் வெப்பநிலை, அப்புறம் உங்கள் மூக்கும் வாயும், அப்புறம் பாட்டில் வைக்கப்பட்டிருந்த விதம். பியரைத் தயாரித்தவர் கடைசி. பாதிப் புகார்கள் முதல் மூன்றிலேயே தீர்ந்துவிடும்.

ஊற்றுவதற்கு முன்

எந்த வகை ஸ்டவுட் என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வகையில் குறையாக இருப்பது இன்னொரு வகையில் குணம். பியர் நடுவர்கள் கையில் வைத்திருக்கும் பிஜேசிபி வழிகாட்டியின் 2021 பதிப்பு, ஐரிஷ் ஸ்டவுட்டுக்கு 3.8 முதல் 5 சதவீத ஆல்கஹாலும் 25 முதல் 45 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) கசப்பும் சொல்கிறது. இனிப்பு ஸ்டவுட்டில் கசப்பு 20 முதல் 40 வரைதான். அமெரிக்கன் ஸ்டவுட் 75 வரை போகலாம். இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம், கசப்பு 50 முதல் 90. ஐரிஷ் ஸ்டவுட் தொண்டையைச் சுட்டால் அது குறை. இம்பீரியலில் ஆல்கஹாலின் இதமான சூடு இருக்கத்தான் வேண்டும்.

ஒரு தடவைக்கு 60 மில்லி போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் மணம் தங்க இடமிருக்காது. பக்கத்தில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் இருக்கட்டும். பல ஸ்டவுட்கள் வரிசையாக இருந்தால், லேசானதில் தொடங்கிக் கனமானதை நோக்கிப் போங்கள். இம்பீரியலைக் குடித்த நாக்குக்கு அடுத்து வரும் ஐரிஷ் ஸ்டவுட் தண்ணீராகத்தான் தெரியும்.

மூக்கில் ஒன்றுமே ஏறவில்லை

முதல் சந்தேகம் குளிர்தான். 3, 4 டிகிரி செல்சியஸில் மணப் பொருட்கள் ஆவியாகி மேலே வராது. ஐரிஷ் ஸ்டவுட்டுக்கு 7 முதல் 10 டிகிரி, இம்பீரியலுக்கு 12 முதல் 14 டிகிரி பொருத்தமாக இருக்கும். கிளாஸை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, லேசாகச் சுழற்றி, சில நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். குளிர் இன்னொன்றும் செய்யும்: இனிப்பை அடக்கி, கசப்பையும் துவர்ப்பையும் தூக்கிக் காட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு 'மெலிசு, கசப்பு' என்று முடிவு கட்டப்பட்ட இம்பீரியல்கள் ஏராளம். அது அந்த பியருக்குச் செய்கிற அநியாயம்.

அடுத்து, இது நைட்ரஜன் கலந்து ஊற்றும் நைட்ரோ ஸ்டவுட்டா என்று பாருங்கள். கின்னஸ் நிறுவனத்தில் மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளர் உருவாக்கிய முறை இது, 1959இல் வெளிவந்தது. கேனைத் திறந்ததும் அதே நுரையை எழுப்ப உள்ளே வைக்கும் குட்டிச் சாதனம் 1980களின் கடைசியில் வந்தது. குழாயில் ஊற்றும்போது பயன்படும் வாயுக் கலவையில் ஏறக்குறைய 70, 75 சதவீதம் நைட்ரஜன், மீதி கார்பன் டை ஆக்ஸைடு. நைட்ரஜன் பியரில் சரியாகக் கரையாது. அதனால் குமிழிகள் பொடியாகி நுரை க்ரீம் போல நிற்கிறது. அதே காரணத்தால் மணத்தைச் சுமந்து மேலே கொண்டுவரும் வாயுவும் குறைந்துவிடுகிறது. நைட்ரோவில் மணம் தணிந்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். ஒரே ஸ்டவுட்டின் நைட்ரோ வடிவத்தையும் சாதாரண வடிவத்தையும் மணத்தை வைத்து ஒப்பிடுவதும் சரியில்லை.

இரண்டும் இல்லையென்றால் மூக்குதான் களைத்திருக்கும். ஒரே வாசத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகி, கவனிப்பதை நிறுத்திவிடும். கிளாஸைத் தள்ளிவைத்து உங்கள் சட்டைக் கையை முகருங்கள். ஒரு நிமிடம் விட்டுத் திரும்பி வாருங்கள். சின்னச் சின்ன முகர்வுகள் போதும். முதல் முகர்வில் பட்டதை அந்தக் கணமே எழுதிவிடுங்கள். பிறகு அது திரும்ப வராது.

கடைசியாக, ஒரு வாய் குடித்து விழுங்கிவிட்டு, வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அப்போதும் காபி, சாக்லேட், கருகிய ரொட்டி எதுவும் எழவில்லை என்றால் தயக்கமில்லாமல் பியரைக் குறை சொல்லலாம்.

நுரை நிற்கவில்லை

பெரும்பாலும் கிளாஸ்தான் காரணம். கொழுப்பும் சோப்பு மிச்சமும் நுரையை அழித்துவிடும். ஊற்றியபின் கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டி நின்றால் அந்த இடத்தில் அழுக்கு இருக்கிறது. காலி கிளாஸைத் தண்ணீரில் நனைத்தும் பார்க்கலாம். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவும். எண்ணெய் இருந்தால் துளித்துளியாகப் பிரியும். உதட்டுப் பூச்சும் எண்ணெய்ப் பண்டமும்கூட இதே வேலையைச் செய்யும்.

கிளாஸ் சுத்தம், அப்படியும் நுரை இல்லை என்றால் ஆல்கஹாலைப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேலுள்ள இம்பீரியலில் நுரை சீக்கிரம் அடங்குவது சகஜம். தேங்காய், கோகோ, கொட்டை வகைகள் சேர்த்த ஸ்டவுட்டில் அவற்றின் கொழுப்பு நுரையைத் தின்றுவிடும். சாதாரண ஐரிஷ் ஸ்டவுட்டிலேயே நுரை இல்லை, மூடியைத் திறந்தபோது சத்தமும் வரவில்லை என்றால் வாயு கசிந்துபோயிருக்கும்.

இதற்கு நேர் எதிரான நிலை, திறந்ததும் பொங்கி வழிவது. குலுங்காமல் குளிரவைத்த பாட்டில் பொங்கினால் மிச்சத்தை ருசித்துப் பாருங்கள். சுவை சுத்தமாக இருந்தால் பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை கூடிப்போயிருக்கலாம். பியரின் உடல் (வாயில் தெரியும் கனம்) மெலிந்து, புளிப்போ கிராம்பு வாசமோ சேர்ந்திருந்தால் வேண்டாத நுண்ணுயிர் உள்ளே புகுந்து, ஈஸ்ட் விட்டுவைத்த மாவுச்சர்க்கரையைத் தின்றிருக்கிறது.

கசப்பு தாங்கவில்லை

ஸ்டவுட்டைப் பற்றிய புகார்களில் இதுதான் முதலிடம். இங்கேதான் அவசரத் தீர்ப்பும் அதிகம். பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பு, வறுவலின் கசப்பு, துவர்ப்பு, வாயுவின் குத்தல், ஆல்கஹாலின் எரிச்சல் எல்லாம் ஒரே வாயில் ஒன்றாக வந்து சேரும். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

வாயுவில் தொடங்குங்கள். பியரை இரண்டு கிளாஸ்களுக்கிடையே சில முறை மாற்றி ஊற்றி வாயுவை வெளியேற்றுங்கள். மறுபடி குடித்தால் கடுமை பாதியாகக் குறைந்திருக்கிறதா? அப்படியானால் உங்களைக் குத்தியது கார்பன் டை ஆக்ஸைடு.

மிச்சமிருந்தால், ஒரு வாய் விழுங்கி அரை நிமிடம் சும்மா இருங்கள். பிறகு நாக்கை ஈறுகளின் மேலும் கன்னத்தின் உட்புறமும் ஓட்டுங்கள். வறண்டு, சொரசொரப்பாக, வாயை இழுத்துப் பிடித்தது போல் இருந்தால் அது துவர்ப்பு. எச்சிலில் உள்ள புரதங்களை டானின்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் பிடித்துக்கொள்வதால் வரும் உணர்வு அது. நெடுநேரம் ஊறவிட்ட கடுந்தேநீரில் வருவதும் அதுவே. கசப்பு வேறு. அது வாயை உலர்த்தாது, சுவையாக மட்டும் நீடிக்கும்.

கசப்புதான் என்று உறுதியானால் அதோடு என்ன வாசம் வருகிறது என்று கவனியுங்கள். சாம்பல், கருகல், ஆறிய பில்டர் காபி என்று வந்தால் வறுவல். பிசின், புல், ஆரஞ்சுத் தோல் என்று வந்தாலோ, வாசமே இல்லாமல் கசப்பு மட்டும் நின்றாலோ ஹாப்ஸ். தொண்டையும் நெஞ்சும் எரிந்து, மூக்கில் நகப்பூச்சு நீக்கியின் நெடி ஏறினால் ஈஸ்டை அளவுக்கு மேல் சூட்டில் வேலை செய்ய விட்டிருக்கிறார்கள். அந்த நெடியை இம்பீரியல் என்பதற்காக மன்னிக்கக் கூடாது. இதமான சூடும் கரைப்பான் நெடியும் ஒன்றல்ல.

பியரை நீங்களே தயாரிப்பவராக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. துவர்ப்பு தானியத்தின் உமியிலிருந்து வருகிறது. மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) அலசும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டினாலும், அலசலின் கடைசியில் பிஎச் (அமில-கார அளவு) 6ஐத் தாண்டினாலும் டானின் இறங்கும். அலசலைச் சற்று முன்பே நிறுத்துங்கள். கூர்மையான, புளிப்பு கலந்த கருகல் என்றால் பிரச்சினை எதிர்த்திசையில் இருக்கிறது. கறுப்பு மால்ட் அமிலத்தன்மை உடையது. பைகார்பனேட் இல்லாத மென்னீரில் அதைப் போட்டால் மால்ட் கலவையின் பிஎச் 5.2க்குக் கீழே போய்விடும். கறுப்பு பியருக்கு 5.4 முதல் 5.6 வரை நல்லது. டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் என்பதும், அந்த ஊரில் ஸ்டவுட் செழித்ததும் தற்செயல் இல்லை. தண்ணீர் மென்மையானதாக இருந்தால் மிகக் கொஞ்சம் சமையல் சோடா சேர்க்கலாம். அல்லது கறுப்பு தானியத்தைக் கடைசிக் கட்டத்தில் போடலாம்.

கருகல் மட்டும் மிஞ்சினால் அளவைக் குறையுங்கள். வறுத்த பார்லி மொத்தத் தானியத்தில் 10 சதவீதத்தைத் தாண்டும்போது முரட்டுத்தனம் தலைதூக்கும். உமி நீக்கி வறுத்த கறுப்பு மால்ட் இன்னும் மென்மையான வழி. டேனியல் வீலர் 1817இல் உருளை வறுவலுக்குக் காப்புரிமை வாங்கியபிறகுதான் பியர் தயாரிப்பவர்களுக்கு இவ்வளவு கறுப்பான மால்ட் கிடைத்தது. கொஞ்சம் போட்டாலே நிறம் வந்துவிடும் என்பதுதான் அதன் பெருமை. அள்ளிப் போடுவதற்காக உண்டானதல்ல அது.

புளிக்கிறது

லேசான புளிப்பு எல்லா நேரமும் குறையல்ல. வறுத்த தானியமே கொஞ்சம் புளிக்கும், காபி சேர்த்தால் இன்னும் புளிக்கும். உலர்ந்த ஐரிஷ் ஸ்டவுட்டில் மெல்லிய புளிப்பு அழகாகவே இருக்கும். வறுவலோடு சேர்ந்து வந்து, சேர்ந்து மறையும் புளிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். வறுவல் போனபிறகும் தனியாக நின்று பல்லைக் கூசவைக்கும் புளிப்பைச் சந்தேகப்படுங்கள்.

மூக்கில் காடி நெடி ஏறினால் அசெட்டிக் அமிலம். ஆக்ஸிஜனும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்த வேலை. நெடியில்லாமல் தயிர் போலப் புளித்தால் லாக்டிக் அமிலம். குழாய் பியராக இருந்தால் குழாயைச் சுத்தம் செய்யாததுகூடக் காரணமாகலாம். அதே பியரின் பாட்டில் ஒன்றை வாங்கி ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தோல், தொழுவம் போன்ற வாசம் வந்தால் பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாசன் 1904இல் இதை விவரித்தது பழைய ஆங்கிலேய பியர்களின் குணத்தை ஆராய்ந்துதான். அந்தக் காலத்துப் பீப்பாய் ஸ்டவுட்களில் அது இருந்தது. இன்று லேபிளில் சொல்லப்படாமல் வந்தால் அது குறைதான்.

வெண்ணெய், பச்சை ஆப்பிள், வேகவைத்த சோளம்

மூன்றையும் வறுவல் நன்றாகவே மறைக்கும். வெண்ணெய் வாசத்தைத் தருவது டையசெட்டில். ஒரு கோடியில் ஒரு பங்கு அளவிலேயே பலருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு இருந்தாலும் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் உடலமைப்பு. அதனால் உங்களுக்குத் தெரியவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாக்கின் மேல் வழவழப்பு படர்கிறதா என்றும் பாருங்கள். இனிப்பு ஸ்டவுட்டில் இதை டாஃபி என்று நினைத்து ரசித்துவிடுவது எளிது. மால்ட்டின் டாஃபி வாசம் சூடாகும்போது சாக்லேட் பக்கம் விரியும். டையசெட்டில் சூடாகும்போது பாப்கார்ன் வெண்ணெயாக இன்னும் ஓங்கும்.

தயாரிப்பவர்கள் அடைப்பதற்கு முன்பே சோதிக்கலாம். இரண்டு மாதிரி எடுத்து, ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் ஈஸ்டுக்கு இன்னும் சில நாள் கொடுங்கள்.

பச்சை ஆப்பிளும் அறுத்த பூசணியும் அசெட்டால்டிஹைடு, பெரும்பாலும் அவசரமாக அடைத்த பியர். சோளமும் முட்டைக்கோசும் வந்தால் கொதிக்கவைத்தது போதவில்லை. அழுகிய முட்டை வாசம் வந்தால் கிளாஸைச் சுழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். அடிக்கடி அது தானாகவே போய்விடும்.

ஈரமான அட்டைப்பெட்டி, சோயா சாஸ்

வயதும் வெப்பமும். அட்டை வாசத்தைத் தரும் பொருள் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே மூக்குக்கு எட்டும். ஆனாலும் ஸ்டவுட்டில் அது நேரடியாகத் தெரிவது குறைவு. முதல் அறிகுறி வேறு மாதிரி வரும்: வறுவலின் முனை மழுங்கி, நடுவில் ஒரு வெறுமை தோன்றி, கடைசியில் காகிதம் மென்ற உணர்வு. தேதியைப் பாருங்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். 5 சதவீத ஸ்டவுட்டில் இது நேரான குறை. இம்பீரியல் பழசாகும்போது ஷெர்ரி, உலர்ந்த திராட்சை, அத்தி என்று மாறுவது வரவேற்கத்தக்கது. அது சோயா சாஸ், இறைச்சிச் சாறு என்று திரும்பினால் இறந்த ஈஸ்ட் செல்கள் சிதைந்திருக்கின்றன. மூத்த பியர் என்ற மரியாதைக்காக அதற்கு மதிப்பெண் போட வேண்டாம்.

காபி ஸ்டவுட்டில் குடைமிளகாய் அல்லது பச்சை மிளகாய் வாசம் வந்தால் மிளகாய் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். காபி சேர்த்த பியர்களில் நாள் போகப்போக இப்படி வருவதுண்டு. காபி ஸ்டவுட்டைப் புதிதாகக் குடிப்பதே நல்லது.

மருந்து, இரும்பு

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாசம் என்றால் தண்ணீரில் இருந்த குளோரின். தயாரிப்பவருக்கு அதைச் சொல்லிவிடுங்கள், தண்ணீரை வடிகட்டினால் தீர்ந்துவிடும். வாயில் ரத்தம் போன்ற இரும்புச் சுவை பட்டால், பியரில் ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்து முகருங்கள். பியரில் இரும்பு இருந்தால் தோலில் அந்த வாசம் தெளிவாக எழும். எழவில்லையென்றால் உங்கள் ஈறைக் கவனியுங்கள்.

திகட்டுகிறது, அல்லது தண்ணீராக இருக்கிறது

மில்க் ஸ்டவுட்டில் சேர்க்கும் லாக்டோஸை (பால் சர்க்கரை) ஸ்டவுட்டுக்குப் பயன்படும் ஏல் ஈஸ்டால் நொதிக்கவைக்க முடியாது. அது இனிப்பாகவே தங்கிவிடும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். திகட்டல் என்று எழுதும் முன் வாயு போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள். வாயு இறங்கிப்போன இனிப்பு ஸ்டவுட் பாகு மாதிரி ஆகிவிடும். வாயு சரியாக இருந்து, இரண்டாவது வாயிலேயே போதும் என்று தோன்றினால் இனிப்புக்கு ஈடாகக் கசப்போ வறுவலோ வைக்கப்படவில்லை.

மெலிசு என்ற புகாரில் நிறம் நம்மை ஏமாற்றுகிறது. கறுப்பாக இருப்பதால் கனமாக இருக்கும் என்று வாய் எதிர்பார்க்கிறது. 4.2 சதவீத ஐரிஷ் ஸ்டவுட் உலர்ந்து, இலகுவாக இறங்கும் பியர். அதை இம்பீரியலின் அளவுகோலில் நிறுத்தக் கூடாது. மறுபக்கம், நைட்ரோவின் க்ரீம் நுரை மெலிந்த பியரையும் கொழுத்ததாகக் காட்டும். நுரை அடங்கியபின் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் உண்மையான உடல் தெரியும். ஓட்ஸ் ஸ்டவுட் என்று பெயர் வைத்துவிட்டு அந்த நேரத்தில் வழுவழுப்பே இல்லையென்றால் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயம்.

இருவர் மதிப்பெண் ஒத்துப்போகவில்லை

பிஜேசிபி தாளில் மொத்தம் 50: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்றுதான் என்பதை மறக்காதீர்கள். கறுப்பு பியரில் கலங்கலைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. எண்ணைப் போடுவதற்கு முன் வார்த்தைகளை எழுதுங்கள். எண்ணை முதலில் போட்டவர்கள் அதற்கு ஏற்ற காரணத்தைத்தான் பிறகு தேடுகிறார்கள்.

ஒருவர் வெண்ணெய் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார் என்றால் வாதம் வேண்டாம். சந்தேகத்துக்குரிய பியரையும், அதே வகையில் குறையில்லை என்று இருவரும் ஏற்றுக்கொண்ட ஒன்றையும் எடுங்கள். மூன்றாம் ஆள் ஒருவர் மூன்று கிளாஸ்களில் ஊற்றட்டும்: இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. வேறுபட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு வாய்ப்பு அதிர்ஷ்டத்துக்கே உண்டு என்பதால் ஒரு முறை சரியாகச் சொன்னது போதாது, சில முறை செய்து பாருங்கள். திரும்பத் திரும்பச் சரியாக எடுத்தவர் பேச்சை நம்பலாம்.

குறை உறுதியானபின், அதே தொகுதி எண் கொண்ட இன்னொரு பாட்டிலைத் திறங்கள். அதிலும் இருந்தால் தயாரிப்பில் தப்பு. தொகுதி எண்ணோடு தயாரித்தவருக்கு எழுதுங்கள். இல்லையென்றால் முதல் பாட்டிலுக்கு மட்டும் ஏதோ ஆகியிருக்கிறது. அதற்குப் போட்ட மதிப்பெண்ணை அடித்துவிட்டு இரண்டாவதை மதிப்பிடுங்கள்.